இரண்டு கையும் சுவரில்

தவளை என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். மார்பு நீச்சலில் அவள் காலை மடக்கி உதைப்பதைப் பார்த்து வைத்த பெயர். பதக்கம் பதக்கமாக அவள் அள்ளத் தொடங்கியதும், கேலி பேசிய வாய்களே அதை மரியாதையாகச் சொல்லின.

தேசியப் பட்டம் மட்டும் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லை. இருபத்திரண்டு வயதில் இறுதிப் போட்டியில் முதலாவதாகத்தான் வந்தாள். வந்து என்ன பிரயோசனம்? மார்பு நீச்சலில் சுவரை இரண்டு கையாலும் சேர்த்துத் தொட வேண்டும். அவசரக்குடுக்கை, ஒற்றைக் கையை நீட்டிவிட்டாள்! கரையில் நின்ற நடுவர் கையை உயர்த்தினார். தகுதி நீக்கம்.

அன்றோடு குளத்துக்கு ஒரு கும்பிடு. கல்யாணம், பிள்ளை, மருந்துக்கடையில் வேலை என்று வருடங்கள் ஓடின. எல்லாம் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டாள். சுத்தப் பொய்! டிவியில் நீச்சல் வந்தால் உடனே அணைத்துவிடுவாள். சலவைக்கடை நடத்தும் மாமியார் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"மறந்தவ எதுக்குடி டிவியை அணைக்கிற? போய் நீந்தித் தொலை. பிள்ளைய நான் பாத்துக்கறேன்."

"முப்பது வயசாகப் போகுது அத்தை."

"தண்ணிக்கு உன் வயசு தெரியுமா?"

முதல் நாள் பாதிக் குளத்திலேயே நாக்குத் தள்ளியது. "ஆன்ட்டி, ஓரமா நீந்துங்க" என்றார்கள் பள்ளிக்கூடப் பெண்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் போனாள். இரண்டே வருடத்தில் அதே பெண்கள் அவள் உதைத்த நுரைக்குப் பின்னால் மூச்சு வாங்கினார்கள்.

மறுபடியும் அதே இறுதிப் போட்டி. பக்கத்துத் தடத்துப் பெண் சரிக்குச் சரியாக வருகிறாள். சுவர் ஒரு சாண் தூரம். ஒற்றைக் கையை எட்டிப் போடு என்று உடம்பு துடித்தது. 'உன் அவசரத்தில் இடி விழ!' என்று தன்னையே திட்டிக்கொண்டு, இன்னொரு உதை உதைத்து, இரண்டு கையாலும் சுவரில் ஓங்கி அறைந்தாள்.

எல்லோரும் முடிவுப் பலகையைப் பார்க்க, அவள் நடுவரைப் பார்த்தாள். அவர் கை மெல்ல மேலே போனது. இவள் சுவரில் பதிந்திருந்த தன் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மனிதர் மூக்கைச் சொறிந்துகொண்டு கையை இறக்கினார். படுபாவி!

அப்புறம்தான் பலகையைப் பார்த்தாள். முதல் பெயர் அவளுடையது.

மேலே பார்வையாளர் வரிசையில் மாமியார், பேரனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி கத்திக்கொண்டிருந்தார். "என்னாச்சு? யாராவது சொல்லித் தொலைங்களேன்!"

"ஜெயிச்சிட்டேன் அத்தை!" குளமே அதிர்ந்தது. "நான்தான்! நானேதான்!"

அடுத்த மூன்று வருடமும் அந்தப் பட்டத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.