உத்திரத்தில் ஒரே பெயர்

தங்கையா அண்ணன் பொல்லாத ரோஷக்காரர். மலாயாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தச்சு வேலை என்றால் அவர்தான். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக் கூரை ஒழுகினால் கட்டட வேலையை எடுத்த குத்தகைக்காரன் எங்கள்மேல் பழியைப் போடுவான். கட்டடம் நன்றாக அமைந்துவிட்டால் தோட்டத்துத் துரையிடம் அவனே பல்லிளித்துக்கொண்டு போய் நிற்பான். "நல்லதோ கெட்டதோ, கட்டுனவன் பேரு கட்டடத்துல இருக்கணும்லா" என்று ஒரு நாள் அண்ணன் கொதித்தெழுந்தார். பக்கத்து ஊரான தானா ராத்தாவில் மீரான் கடைக்குப் பின்னால், தச்சர்களும் கொத்தனார்களுமாக ஒன்பது பேர் சங்கம் வைத்தது அந்தக் கோபத்தில்தான்.

சங்கம் கேட்டதற்குத் துரை இறங்கி வந்தது கொழுந்து உலர்த்தும் கொட்டகை விஷயத்தில். அதன் உத்திரத்தில் ஒன்பது பெயரையும் அண்ணன் உளியால் செதுக்கினார். நான் கொத்தனார். மாடசாமி என்ற என் பெயரும் அங்கே ஏறியது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் சங்கம் என்ற சொல்லே ஆபத்தாகிவிட்டது. உறுப்பினர் பதிவேட்டை மீரான் தன் கடை அடுப்பிலேயே போட்டு எரித்தார். தொல்லை ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். உத்திரத்தை ஒருவரும் நினைக்கவில்லை. அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்!

நாற்பத்து மூன்றில், சயாம் ரயில் பாதைக்குத் தச்சர்களையும் கொத்தனார்களையும் தேடி ஜப்பான் அதிகாரி ஒருவன் கொட்டகைக்கு வந்தான். போனவர்கள் திரும்புவதில்லை என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இங்கே அப்படி ஆளே இல்லை என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சாதித்தார். அதிகாரி அண்ணாந்து பார்த்தான். கறுத்துப்போன உத்திரத்தில் ஏதோ எழுத்து. நாளைக் காலையில் தமிழ் படிக்கிறவனோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மதியமே அண்ணன் ஏணி போட்டார். நான் பிடித்துக்கொண்டேன். தாம் செதுக்கிய பெயர்களைத் தாமே இழைப்புளியால் சீவித் தள்ளினார். வெளுத்துத் தெரிந்த மரத்தில் கரியையும் கொதிக்க வைத்த தேயிலைச் சாற்றையும் குழைத்துப் பூசினோம். எட்டுப் பெயர் போயிற்று. அண்ணன் இழைப்புளியைக் கீழே நீட்டினார்.

"ஒங்க பேரு இருக்கேண்ணே?"

"எழுத்து இருந்தத அவன் பாத்துட்டான்லா. ஒண்ணுமே இல்லேன்னா லயத்துல உள்ள அத்தன பேரையும் இழுத்துட்டுப் போயிருவான். ஒரு பேரு கெடக்கட்டும்."

அந்த ஒரு பெயர் என்னுடையதாக இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். என் மனைவி வேலாயி அப்போது மாசமாக இருந்தாள் என்று பிற்பாடு பலரிடம் காரணம் சொன்னேன். அண்ணனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

மறுநாள் அதிகாரியோடு வந்த தமிழ் தெரிந்தவன் படித்துச் சொன்னான். யார் இந்தத் தங்கையா என்று அதிகாரி கேட்டான்.

"நாந்தான் துவான். நான் ஒரு ஆளாத்தான் கட்டுனேன்."

அவன் நம்பினானோ இல்லையோ, கிடைத்த ஆளை லோரியில் ஏற்றினான். அண்ணன் திரும்பி வரவில்லை.

சண்டை முடிந்து சங்கத்தை மறுபடி தொடங்கியபோது, எட்டுப் பெயரையும் திரும்பச் செதுக்கலாம் என்றார்கள். கூடவே கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய கொட்டகையை ஒரே ஆளா கட்டினார் என்று என்னிடம் கேட்கிறார்கள்.

ஆமாம் என்கிறேன்.