வெள்ளிக்கிழமை ஓநாய்கள்

கல்யாணம் முடிந்து நாற்பத்தியொன்றாம் நாள் என் கணவர் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினார். அங்கே ஏ.சி. மெக்கானிக். கொட்டாரம் ஊரில் இருக்கும் வீட்டில் நானும் மாமியாரும் ஒரு தையல் மிஷினும் மிச்சம். தினமும் போன் வரும். மூன்று கேள்வி கேட்பார். சாப்பிட்டியா, மழை உண்டா, அம்மைக்கு எப்பிடி இருக்கு. நான் மூன்று பதில் சொல்வேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சும்மா போனைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நாற்பத்தியொரு நாளில் பாதி, விருந்துக்குப் போய்வந்தே தீர்ந்திருந்தது. எனக்கு அந்த மனிதரைத் தெரியாது என்பதுதான் உண்மை.

முதல் லீவில் வந்தபோது கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, பிராட்பேண்டு இணைப்பும் எடுத்து, ஓர் ஆன்லைன் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கொரு உருவம். அவருக்கு வாள், எனக்கு வில். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அங்கே காலை ஏழு மணி, இங்கே எட்டரை. மாமியாருக்குக் காப்பி கொடுத்துவிட்டு நான் உட்கார்ந்தால் அவர் ஏற்கெனவே விளையாட்டுக் காட்டின் கிணற்றடியில் நிற்பார். உலகம் முழுக்க ஆயிரம் பேர் விளையாடும் காடு. நாங்கள் யாரோடும் சேர மாட்டோம்.

முதல் வருஷம் நன்றாக இருந்தது. சொல்லத்தான் வேண்டும். பேச வராத மனிதர் அதில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டித் திட்டுவார். "ஏட்டி, அங்க போவாத, சாவப் போற", "சொன்னா கேக்க மாட்டியா?" எதிலும் முன்னே பாய்பவர், ஆறு வந்தால் மட்டும் இறங்க மாட்டார். ஏன் என்று கேட்டேன். சிறுவயதில் திற்பரப்பு அருவியில் வழுக்கி விழுந்து, யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கிய கதையைப் பத்து நிமிடம் தட்டினார். கோபக்காரர், கையில் கிடைப்பதையெல்லாம் எனக்கே தருபவர், தண்ணீருக்குப் பயந்தவர். என் புருஷனை நான் தெரிந்துகொண்டது அந்தக் காட்டில்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை விளையாட்டில் புது தேசம் திறப்பார்கள். பெரிய விளம்பரம் வரும். உள்ளே போனால் கம்பு ஊன்றிய ஒரு கிழவன் நிற்பான். எங்கள் ஊருக்கு ஆபத்து, இருபது ஓநாயைக் கொன்று தோல் கொண்டு வா என்பான். கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் இருபது. முதல் தேசத்தில் ஓநாய் சாம்பல் நிறம். அடுத்ததில் வெள்ளை. பிறகு சிவப்பு. கடைசியில் நீலத்தில் ஒன்றை விட்டார்கள், வெட்கமே இல்லாமல். "இவனுக்கு இம்புட்டு தோலு எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். விழுந்து விழுந்து சிரிப்பதாகத் தட்டினார். அடுத்த வருஷமும் அதையே கேட்டேன், சிரித்தார். மூன்றாம் தடவை நானும் கேட்கவில்லை.

திரும்பத் திரும்பச் செய்வதால் சலிக்கிறது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் ரவிக்கை தைக்கிறவள். பதினைந்து வருஷமாக அதே ரவிக்கைதான். ஆனால் ஒருத்திக்குத் தோள் இறங்கியிருக்கும், இன்னொருத்தி ஆறு மாதத்தில் பெருத்துவிட்டு என் அளவைக் குறை சொல்வாள். துணி கையில் முரண்டு பிடிக்கும். ஓநாய் முரண்டு பிடிக்காது. நான் வந்தேனா, வேறு எவளாவது வந்தாளா என்றுகூட அதற்குத் தெரியாது. நிறத்தை மாற்றினால் போதும், இவள் வருவாள் என்று யாரோ கணக்குப் போட்டு வைத்திருந்தான். நானும் போனேன். ஒரு நாள் விட்டால், தினமும் வந்தால் ஒன்று ஏறும் வருகைக் கணக்கு பழையபடி ஒன்றுக்கு வந்துவிடும் என்று தினமும் ஒருதரம் திறந்து மூடினேன்.

விட்டுவிடலாம் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரத்தில் நாங்கள் சேர்ந்து செய்யும் காரியம் அது ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் மூன்று கேள்வியும் மூன்று பதிலும்தான் எங்கள் குடும்பம்.

நான்காம் வருஷம் அவர் சாந்தமாகிவிட்டார். "ஏட்டி" நின்றுபோனது. திட்டு இல்லை. "செரி", "நீ முன்ன போ", "பாத்துப் போ" என்று இதமாக நாலு வார்த்தை. ஆற்றில்கூட என் பின்னால் பேசாமல் இறங்கினார். "மனுசன் அடங்கிட்டாரு, இப்ப எம்மேல ஒரு கரிசனம் உண்டு" என்று என் அக்காவிடம் பெருமை பேசினேன். அந்த ஒரு வருஷம் அவர்மேல் எனக்குப் பிரியம் கூடியிருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

அதற்கடுத்த லீவுக்கு வந்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அடுக்களையில் புட்டும் பயறும் தின்றுகொண்டிருந்தார். நான் வருகைக் கணக்குக்காக விளையாட்டைத் திறந்தேன். கிணற்றடியில் அவர் நின்றார்.

"வந்தியா?" என்று திரையில் விழுந்தது.

"இஞ்ச வாருங்க" என்றேன். "நீங்க வந்து நிக்கிய."

புட்டுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். திரையில் "செரி" என்று வந்தது. கொஞ்சம் கழித்து "பாத்துப் போ" என்று வந்தது. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஷார்ஜா ரூம்ல கம்ப்யூட்டர ஓஃப் செய்ய மறந்துட்டேன்" என்றார்.

தானாகவே கீயை அழுத்தும் ஒரு சின்ன புரோகிராமாம். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத் தானே உள்ளே நுழையும், என் பின்னால் நடக்கும், ஓநாயை வெட்டும், இடையிடையே எழுதிவைத்த ஐந்து வாக்கியத்தில் ஒன்றைப் போடும். என் உருவம் மறைந்தால் அதுவும் நின்றுவிடும். பத்து நிமிடம் அசையாமல் நின்றால் விளையாட்டே ஆளை வெளியே தள்ளிவிடும்.

"எம்புட்டு நாளாட்டு?"

"ஒரு வருசம் இருக்கும்."

"அப்ப நீங்க?"

"உறங்குவேன். ஆறு நாளு வெயில்ல மாடி மாடியா ஏறி எறங்குகேன். அதே ஓநாயி, அதே கெழவன். மடுத்து சலிச்சுப் போச்சு. நீ ஆசையா வாறியே, நான் எப்பிடிச் சொல்ல?"

"எனக்கும் எப்பவோ மடுத்துப் போச்சு" என்றேன்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு வருஷம் ஒரு இயந்திரத்தோடு குடித்தனம் செய்திருக்கிறேன், வித்தியாசம் தெரியவில்லை. தெரியாமல் போனதற்கு அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? நானும் ஒரு கண்ணைக் கொக்கி தைப்பதில் வைத்துக்கொண்டுதான் அம்பு விட்டிருக்கிறேன்.

"இத எப்பிடி வைக்கது?" என்று கேட்டேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எனக்கான ஐந்து வாக்கியத்தை இரண்டு பேருமாகத் தேர்ந்தெடுத்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம். அந்த லீவில் நாங்கள் மனம்விட்டுப் பேசிய ஒரு மணி நேரம் அதுதான். விளையாட்டை விட்டுவிடுவோம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதையும் விட்டால் வேறு எதைப் பிடிப்பது?

அவர் திரும்பிப் போனார். பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் நான் கம்ப்யூட்டரைப் போட்டு, புரோகிராமை ஓடவிட்டு, அதே அறையில் தைக்க உட்காருவேன். அவர் தூங்குவார். திரையில் இரண்டு பேரும் காட்டுக்குள் போவார்கள். ஒருநாளும் சண்டை கிடையாது. எப்போதாவது நூல் கோக்கும்போது நிமிர்ந்து பார்ப்பேன். ஒன்றும் தோன்றாது.

பவர்கட் காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்பது மணிக்குப் போன கரண்டு பதினொன்றுக்குத்தான் திரும்பியது. வழக்கம்போல எல்லாவற்றையும் போட்டுப் புரோகிராமை அழுத்திவிட்டு எழுந்தேன். திரையில் கிணற்றடி தெரிந்தது. அங்கே அவர் நின்றார். பத்து நிமிடத்தில் வெளியே போயிருக்க வேண்டிய ஆள்.

"கரண்டு போச்சோ?" என்று வந்தது. "ரெண்டு மணிக்கூறாட்டு நிக்கேன்."

அது அவருடைய ஐந்து வாக்கியத்தில் இல்லை. தூங்காமல், திரையின் முன்னால், அவரேதான் உட்கார்ந்திருந்தார். எத்தனை வெள்ளிக்கிழமையாக இப்படி உட்கார்ந்து பார்க்கிறாரோ தெரியாது.

நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் என் பெயரில் பதில் போய்விட்டது.

"ம். நீங்க முன்ன போங்க."

நிறுத்த வேண்டிய கீ எது என்று கை தடுமாறியது. நிறுத்திவிட்டு, நான்தான் என்று அடிக்கலாம் என இரண்டு எழுத்து அடித்தேன். அதற்குள் அவரிடமிருந்து வந்தது.

"பாத்துப் போ."

இது பட்டியலில் உள்ளதுதான்; முந்தின பதில் என்னுடையதல்ல, புரோகிராமுடையது என்று அவருக்குப் புரிந்திருக்கும். அவர் திரும்பிக் காட்டுக்குள் நடந்தார். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. அடித்த இரண்டு எழுத்தை அழித்தேன், புரோகிராமை மறுபடி ஓடவிட்டேன். மிஷினில் ஒரு ரவிக்கைக்குக் கை வைக்க வேண்டியிருந்தது. போய் உட்கார்ந்து அதைத் தைத்து முடித்தேன்.