எறியும் கையில் கட்டிய காப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் ஒரு மைதானம். நானும் என் கணவரும் குளிரில் விறைத்துக்கொண்டு மைதானத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றோம். பல்கலைக்கழகத்தில் மகனின் கடைசி வருடம். அந்த வருடத்தின் முதல் ஆட்டம் அன்றுதான்.

அவன் விளையாடுவது அமெரிக்கன் ஃபுட்போல். தலைக்கவசம் போட்டுக்கொண்டு, பந்தைக் கையால் எறிந்தும் பிடித்தும் ஓடுகிற விளையாட்டு. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவரைக் குவாட்டர்பேக் என்பார்கள். என் மகன் முதலாம் வருடம் முழுக்க மாற்று ஆளாக வெளியே வாங்கில் இருந்தான். இரண்டாம் வருடம் அந்த இடம் அவனுக்குக் கிடைத்தது. மூன்றாம் வருடம் யாரோ வந்து மோதியதில் வலது தோள் விலகிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இடக்கையால்தான் தூக்கினான்.

"முட்டை மாதிரி ஒரு பந்து. இதை எறியத்தானோ இவனை யூனிவர்சிட்டிக்கு அனுப்பினனாங்கள்?" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். ஆனால் தோள் தேறியபோது, பின்னேரங்களில் பார்க்கில் நின்று, அவன் எறிந்த பந்தை ஓடியோடிப் பொறுக்கிக் கொடுத்ததும் இவர்தான்.

என்னால் முடிந்தது விரதம். அந்தத் தோள் தாங்க வேண்டும், இந்த ஒரு வருடமாவது பிள்ளை ஆசைதீர விளையாட வேண்டும் என்று நேர்ந்து கேதார கௌரி விரதம் பிடித்தேன். கடைசி நாள் கோயிலில் ஐயர் அவனுக்குக் காப்பு நூல் கட்டினார். ஆண்களுக்கு வலக்கை. அடுத்த வருட விரதத்தில்தான் கழற்றுவோம். பந்தெறியும் கையிலேயே கௌரி அம்மாள் வந்து இருக்கிறா என்று எனக்கு நல்ல சந்தோஷம்.

ஆட்டம் தொடங்க முன்பு நடுவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். மகனின் கையைக் கண்டதும் நின்றுவிட்டார். நூல், நகை எதுவும் இருக்கக் கூடாதாம். வெட்டு, அல்லது வெளியே நில் என்றார்.

மகன் எங்களிடம் வந்தான். "அம்மா, இதை வெட்டவேணுமாம். நான் வெளியில நிக்கிறன்."

"வெட்டு ராசா. அம்மாள் கோவிக்க மாட்டா."

"நீங்கள் பட்டினி கிடந்து கட்டினது. என்னால ஏலாது."

"தாய்க்கேற்ற பிள்ளை" என்று சொல்லிவிட்டு இவர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கட்டுவித்த காப்பே அவனுக்குத் தடையாகிவிட்டது.

அப்போதுதான் எதிரணியில் பந்தெறியும் பிள்ளை எங்களிடம் நடந்து வந்தான். நல்ல உயரம், நெடுவல். என்ன பிரச்சினை என்று கேட்டான். மகன் ஆங்கிலத்தில் சொன்னான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்து, தன் அம்மாவும் இப்படித்தான் என்றான். பிறகு நடுவரிடம் போய், நூலை மூடி டேப் சுற்றினால் போதாதா என்று கேட்டான். எறிகிற கையில் டேப் இருந்தால் பந்து நன்றாகப் பிடிபடும், எதிரணிக்கு நியாயமில்லை என்று நடுவர் யோசித்தார். நான்தானே அந்த எதிரணி என்றான் அந்தப் பிள்ளை. தன் வலக்கையிலும் அதேபோல் சுற்றிக் காட்டினான். நடுவர் தலையாட்டினார். நூல் நசியாமல் மகனின் கையில் டேப்பைச் சுற்றிவிட்டதும் அவன்தான்.

ஆட்டத்தில் எங்கள் பக்கம் தோற்றது. தோற்கடித்த கடைசிப் பந்தை எறிந்தவனும் அந்தப் பிள்ளையே. ஆனால் என் மகன் முடியும்வரை நின்று விளையாடினான். அவன் கையை உயர்த்தி எறியும் ஒவ்வொரு தடவையும் நான் அந்தத் தோளைத்தான் பார்த்தேன். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

பையில் பூசைக்குச் சுட்ட அரியதரப் பலகாரம் மிச்சம் இருந்தது. அவ்வளவையும் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். "எங்களை வெண்டவனுக்கோ?" என்று இவர் கேட்டார். "ஓம், அவனுக்குத்தான்" என்றேன்.

மகன் அந்த வருடம் முழுக்க விளையாடி முடித்தான். வெற்றிக் கிண்ணம் ஒன்றும் வரவில்லை. இப்போது வேலைக்குப் போகிறான், விளையாடுவதில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நான் கேட்ட வரத்தைத் தெய்வம் எதிர்ப்பக்கத்துப் பிள்ளையின் கையால் தந்தது என்பதால், இன்றைக்கும் காப்புக் கட்டும் நாளில் என் மகனுடையதும் அவனுடையதுமாக இரண்டு தோள்களுக்காகக் கும்பிடுகிறேன்.