தியோடர் அங்கிளும் கத்தும் ஸ்டீயரிங்கும்

பிரேசர் டவுன் தியோடர் அங்கிள் ஸ்டீயரிங்கில் கைவைத்தால், அவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பூமி மேற்கொண்டு சுற்றும். சந்தேகமிருந்தால் எங்கள் காம்பவுண்டில் யாரையாவது கேளுங்கள். அவரையே கேட்டால் இன்னும் ஜாஸ்தியாகச் சொல்வார்.

கல்யாண கேக் செய்வது அவர் தொழில். என்னைவிட வயதில் மூத்த வெள்ளைக் காரில் அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். கேக் உச்சியில் நிற்கும் சர்க்கரைப் பொண்ணு மாப்பிள்ளை அந்தக் காரில் ஒருமுறைகூடத் தலைசாய்ந்ததில்லை. இந்தச் சனிக்கிழமை நிஜப் பொண்ணை ஏற்ற வேண்டும். மகள் ஷெரில் அக்காவைத் தானே ஓட்டிப்போய் சர்ச் வாசலில் இறக்க வேண்டும் என்பது அங்கிளின் பல வருட ஆசை.

வியாழக்கிழமை கார் மக்கர் பண்ணியது. கேட்டில் திருப்பும்போது உள்ளேயிருந்து கீச்சென்று கத்தல். ஸ்டீயரிங் ஆட்டுக்கல்லாகக் கனத்தது. அங்கிளுக்கோ இடது தோள் இறுகிப்போய், சட்டை மாட்டவே ஆன்ட்டி துணை வேண்டும்.

மாப்பிள்ளையின் தம்பி க்ளென் வந்து பார்த்தான். “ஸ்டீயரிங் பம்ப் போயிருக்கும் அங்கிள். விடுங்க, அண்ணிய என் புது வண்டில நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு விரல்ல திரும்பும்.”

“கேக்னா கொடுத்தனுப்பலாம் தம்பி. இது பொண்ணு.”

நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். “நேரா மட்டும் போங்க அங்கிள். உலகம் உருண்டைதான, சர்ச் வந்துரும்.”

“நீ டென்த் கணக்குல எழுதினது இதானா?”



அங்கிள் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத் திறந்தார். கோடு வரை இருந்தது, நுரையில்லை. தோள் குனியவிடாததால் என்னைக் காருக்கடியில் படுக்கவைத்தார். கசிவில்லை. க்ளென் ஸ்டார்ட் செய்து இரண்டு பக்கமும் திருப்பினான். திருப்பும்போது மட்டும் கத்தல்.

“பம்ப் போனா முனகும். இது கீச்சுங்குது. பம்ப்பச் சுத்துற பெல்ட் வழுக்குது” என்றார் அங்கிள்.

கேக் மேல் தண்ணீர் அடிக்கும் பாட்டிலை எடுத்துவந்து, கையைத் தள்ளிவைத்துக்கொண்டு பெல்ட் மேல் அடித்தார். கத்தல் கூடியது. “பாத்தியா” என்றார், பரிசு வாங்கியவர் மாதிரி.

இன்ஜினை நிறுத்தி பெல்ட்டைக் கழற்றினால், அது ஓடும் சக்கரத்தின் பள்ளம் முழுக்க நசுங்கிய சாமந்தியும் சந்தனமும்.

போன வாரம் ஆயுத பூஜை. காம்பவுண்டில் சைக்கிள் முதல் தண்ணி மோட்டார் வரை எல்லாவற்றுக்கும் பூப்போட்டோம். அங்கிள் காருக்கு மட்டும் கிடையாது. “அதுக்கு ஜெபம் பண்ணியாச்சுப்பா” என்று எப்போதும்போல் சொல்லிவிட்டார்.

“பூ எப்படிடா உள்ள போச்சு?” என்றான் க்ளென்.

“காத்துல பறந்து வந்திருக்கும்” என்றேன்.

அங்கிள் பள்ளத்திலிருந்து எதையோ உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். க்ரீம் குழல் கழுவும் பிரஷ்ஷால் பள்ளத்தைத் தேய்த்தார். புது பெல்ட் வாங்கிவர என்னை சிவாஜிநகருக்குத் துரத்தினார். அதை மாட்டி, கேக் வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் கட்டைவிரலால் அமுக்கி, இழுவை போதும் என்றார். ஸ்டீயரிங் வெண்ணெயாகத் திரும்பியது. க்ளென் தன் ஒரு விரலைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை ஷெரில் அக்கா வெள்ளை கவுனோடு பின்சீட்டை நிறைத்தாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த என் கால்களை அங்கிள் உற்றுப் பார்த்தார்.

“ஒரு ஷூல பச்சை லேஸ். இன்னொண்ணுல என் கேக் டப்பா ரிப்பன்.”

“ஃபேஷன் அங்கிள்.”

கோட்டுப் பாக்கெட்டிலிருந்து கிரீஸ் படிந்த பச்சை லேஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். காய்ந்த சாமந்தி ஒன்று இன்னும் அதன் முடிச்சில் இருந்தது.

“இதுவும் காத்துல பறந்து வந்துச்சாடா, மக்கு ஹௌலா?”

அக்காவின் சிரிப்பில் பின்சீட்டு குலுங்கியது. நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன்.

“என் தோளுக்கு வேண்டிக்கிட்டியா, அக்கா கல்யாணத்துக்கா?”

“ரெண்டுக்கும்” என்றேன்.

அவர் கியர் போட்டார். “அடுத்த வருஷம் பம்பர்ல கட்டு. நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன்.”