படத்துக்கு மழை கொடுத்தவன்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சிறுபோக நெல் பருவம். வானம் பொய்த்துவிட்டது. கல்முனைக்கு மேற்கே வயல்கள் வெடித்துக் கிடந்தன. வயலுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும் ஒரு பம்ப்தான் என் பிழைப்பு. இறைக்கத் தண்ணீர் இல்லாமல் அது முற்றத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். மனைவிக்கோ நிறைமாதம்.

அப்போது கொழும்பிலிருந்து ஒரு படக்குழு வந்தது. மழைக் காட்சி எடுக்க உள்ளூரில் ஆள் தேடினார்கள். ஓடிப்போய் நின்றேன். துளையிட்ட குழாயைத் தென்னையில் உயரக் கட்டி, பம்பால் தண்ணீர் ஏற்றினால் மழைதான் என்றேன். படக்குழுவின் மனேஜர் சம்மதித்தார். படப்பிடிப்பு நெருங்கும்போது வாய்க்காலில் கிடந்த கொஞ்சத் தண்ணீரும் வற்றிவிட்டது.

“ஊர்க் கிணத்தில பம்பப் போடுங்க” என்றார் மனேஜர்.

குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களின் தண்ணீரை எப்படி எடுப்பேன்? “அது குடிக்கிற தண்ணி சேர். ஏலாது” என்றேன். அப்படியென்றால் தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் லொறியோடு வேறு ஆளைக் கூட்டிவருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உடைந்துபோனேன்.

மறுநாள் காலை மழைத் தொழுகைக்கு ஊரே மைதானத்தில் கூடியது. புறப்படும்போது மனைவி கேட்டாள். “மழ பெய்ஞ்சா அவங்களுக்கு உங்கட மழ எதுக்கு?”

உண்மைதான். மழை வராவிட்டாலும் வேலை இல்லை, வந்தாலும் இல்லை. “ஊருக்கு வேணுமே” என்று சொல்லிவிட்டு நடந்தேன். மழை கேட்கும் தொழுகையின் வழக்கப்படி இமாமோடு சேர்ந்து தோள் துண்டைப் புரட்டிப் போட்டேன். யா அல்லாஹ், ஊருக்கு மழையைத் தா, என் பிழைப்பை, என் றிஸ்க்கை, உன் பொறுப்பில் விட்டேன் என்று அழுதேன்.

அன்று பின்னேரம் பிடித்த மழை இரவு முழுக்க விடவில்லை. காலையிலும் கொட்டியது. படக்குழு குடைகளோடு ஓடிக் காட்சியைத் தொடங்கியது. பாதியில் மழை நின்றுவிட்டது. கதாநாயகி நனைந்தபடி நிற்கிறார். பவுசரோ வழியில் சேற்றில் புதைந்து கிடக்கிறது.

மனேஜர் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வாய்க்கால் கரை முட்ட ஓடியது. பம்பை இறக்கினேன். ஒரே இழுவையில் பிடித்தது. இரண்டு மழைக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று கமெராக்காரர் என் கையைக் குலுக்கினார். அன்று முதல் எங்கள் கிழக்குக் கரையில் யார் படம் எடுத்தாலும் என்னைத்தான் தேடி வந்தார்கள். ஊரில் எனக்கு மழைக்காரர் என்றே பெயர். கேட்கச் சந்தோசமாகத்தான் இருக்கிறது.

சகோதரர்களே, நீங்களும் அல்லாஹ்விடம் கேளுங்கள். உங்களுக்கு முன் ஊருக்காகக் கேளுங்கள். உங்கள் பங்கு அதற்குள்ளேயே வந்து சேரும்.

படம் கல்முனைக்கு வந்தபோது மனைவியைக் கூட்டிப்போனேன். மழைக் காட்சியில் அவள் காதோடு கேட்டாள். “இதில எது அல்லாஹ்ட மழ, எது உங்கட மழ?”

“ரெண்டும் அவன்டதான் புள்ள” என்றேன். ஆனாலும் என் பாதி வந்ததும் விரலால் காட்டாமல் இருக்க முடியவில்லை.