புயலில் நான் இல்லாத கப்பல்

எண்பதுகளின் தொடக்கத்தில் கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல் ஒன்றில் நான் இன்ஜின் அறை மெக்கானிக். கடற்படை பல வருஷம் ஓட்டிவிட்டு எங்களிடம் கொடுத்த கப்பல் அது. தினம் எங்காவது எண்ணெய் கசியும். அதோடு மல்லுக்கட்டியே பழகிவிட்டதால், லீவில் நாமக்கல் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கட்டில் ஆடாமல் கிடப்பதே தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒரு ஐப்பசியில் மனைவி நிறைமாதமாக இருந்ததால் லீவில் வந்திருந்தேன். வங்கக்கடலில் புயல் என்று ரேடியோவில் மதியம் சொன்னார்கள். எங்கள் காட்டில் வெயிலடித்தது, கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பலின் வலப்பக்க இன்ஜின் கொஞ்ச நாளாகவே சூடேறிக்கொண்டிருந்தது. அதை நினைத்தபடி வரப்பில் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். சாயங்காலம் பையை எடுத்தேன்.

"ஏனுங்க, அவங்க கூப்படவே இல்லீங்களே" என்றாள் மனைவி.

"லீவுல இருக்கறவனக் கூப்படமாட்டாங்க."

"அப்பறம் எதுக்குங்க போறீங்க?"

துண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். "இங்க இருந்தாலும் நீங்க இங்கயா இருக்கறீங்க? போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சேலம் போய் ரயில் பிடித்துச் சென்னைத் துறைமுகத்தை அடைந்தபோது கடலில் மாட்டிக்கொண்ட மீனவர்களைத் தேடிக் கப்பல் கிளம்பிப் போயிருந்தது. மழையில் நனைந்துகொண்டு அலுவலக வாசலுக்கும் கரைக்குமாக அலைந்தேன். புயல் கரையைக் கடந்த பிறகுதான், கப்பல் ஒற்றை இன்ஜினில் ஊர்ந்து வந்து சேர்ந்தது. மேல்தளத்தில் போர்வைக்குள் ஒடுங்கியபடி, கவிழ்ந்த படகுகளிலிருந்து தூக்கிய மீனவர்கள். ஒருவர் கரையில் கால் வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் உடுப்புகூட மாற்றாமல் இன்ஜின் அறைக்கு இறங்கினேன். கண் சிவந்திருந்த தலைமை மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ லீவில் இல்லையா?"

"லீவுதானுங்க."

"சரி, அந்த ஸ்பானரை எடு."

வலப்பக்க இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்த சமயத்தில் தந்தி வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தக் கப்பல் இன்னும் சில வருஷம் உழைத்தது. பிறகு, இனிச் செலவழித்துப் பயனில்லை என்று கொடியை இறக்கினார்கள். அன்று மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். ஏணி வழியாக இன்ஜின் அறையை எட்டிப் பார்த்த மனைவி, "இத்தனூண்டு எடத்துலயா இருந்தீங்க?" என்றாள்.

அடுத்து என்னை விசாகப்பட்டினத்துக் கப்பலுக்கு மாற்றினார்கள். "அங்கயே ஊடு பாருங்க, நாங்களும் வாரோம்" என்றாள்.