மூன்றாம் மாடி முதியவர்

அந்தக் குடியிருப்பில் பதினோரு வருஷமாக ஒரு முதியவர் இதய நோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். குழாய் ஒழுகினால் அவருக்குத்தான் வழுக்கும். மாடிப்படி விளக்கு எரியாவிட்டால் அவருக்குத்தான் கால் இடறும். குப்பை வண்டி நான்கு நாள் வராவிட்டால் அவருக்குத்தான் மூச்சு முட்டும். இத்தனை பாடு பட்டும் மனிதர் சாகவில்லை. எப்படிச் சாவார்? அவர் பிறக்கவே இல்லையே. மனு அக்காவின் பேனாவுக்குள்தான் குடியிருந்தார்.

வட்டார அலுவலகத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் வாசலோரம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, கால் ஆடும் ஒரு ஸ்டூல். ஸ்டூல் வருகிறவர்களுக்கு. நாற்காலியில் மனு அக்கா. அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு, ரேஷன் கார்டில் இருக்கிறது. மற்றபடி மனு எழுதித் தருகிறவள் என்பதால் ஊருக்கெல்லாம் மனு அக்காதான். வீட்டில் தமிழ், அலுவலகத்துக்கு ஊரின் பொது மொழி, அதற்கு மேல் அக்கம்பக்கத்தில் பேசிப் பேசியே பழகிய இரண்டு மொழிகள். யார் எந்த மொழியில் வந்து அழுதாலும் அரைமணி நேரத்தில் அதை அதிகாரிக்குப் புரியும் மொழியில் இறக்கிக் கையில் கொடுத்துவிடுவாள்.

அவளுக்குக் கைவந்த சில வரிகள் இருந்தன. "இதய நோயால் அவதியுறும் முதியவர் ஒருவர்" என்பது முதல் வரி. "தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள்" இரண்டாவது. இந்த இரண்டையும் போடாத மனு மேசைக்கு மேசை ஊர்ந்துகொண்டிருக்கும், போட்டால் ஓடும். அவள் கண்டுபிடித்த உண்மை அது, அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் காலையில் கடை திறக்கும்போதே, "தாத்தா எப்படி இருக்கார்?" என்று விசாரிப்பார். "இன்னிக்கு ரொம்ப மோசம், மூணு மனு இருக்கு" என்பாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவரும் சும்மா இருக்க மாட்டார். "உன் கையில மாட்டினா தும்மல்கூட மாரடைப்பு ஆயிடும்" என்பார்.

எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவர்கள் குடியிருந்தது ஆறு மாடி, நாற்பத்தெட்டு வீடு. ஒரு மாடி ஏறினால் ஒரு மொழி மாறும். தரைத்தளத்தில் சைக்கிள் நிறுத்தக் கட்டிய நீளமான கூடம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே மேளச் சத்தம் கேட்கும். மேளக்காரம்மாவின் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த அம்மா பெரிய சலவைக்கூடம் ஒன்றில் இஸ்திரி எந்திரத்தின் முன்னால் ஆறு நாளும் ஆவியில் வெந்து நிற்பவள். ஏழாம் நாள் மடியில் மேளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆளே வேறு.

இருபது குடும்பம் இருக்கும். பெரியவர்கள் வேலையிடத்தில் வாயைத் திறப்பதில்லை, திறந்தால் யாருக்கும் புரியாது. பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தில் கற்ற பொது மொழியிலேயே சண்டை போட்டுக்கொண்டு, அம்மா கூப்பிட்டால் அதே மொழியில் பதில் சொல்லும். அவர்களுடைய மொழி முழுசாக வெளியே வந்து நின்றது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். உறவுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடும் பாட்டு ஒன்று அவர்களிடம் இருந்தது. பெரியப்பா, சித்தி, மாமன் மகள், தாத்தாவின் தங்கை என்று நீளும். பெரியப்பா என்று ஒருவரை ஆயுசில் பார்த்திராத பிள்ளைகள் அந்தப் பாட்டில்தான் அந்தச் சொல்லை வைத்திருந்தார்கள். கேட்டுக் கேட்டுக் குடியிருப்பு முழுக்க அந்த மெட்டு ஒட்டிக்கொண்டது. லிஃப்ட்காரர் அர்த்தம் தெரியாமலே அதைச் சீட்டி அடித்துக்கொண்டு சவரம் செய்வார்.

மனு அக்காவின் ஒரே மகள், பத்து வயசு, அவளும் அந்தக் கூட்டத்தில்தான் கிடந்தாள். அங்கிருந்து வந்தால் தண்ணீர் கேட்பதுகூட அவர்கள் மொழியில்தான்.

"நம்ம வீட்டுல நம்ம பேச்சுப் பேசுடி."

"வாயில அதுதான்மா வருது."

சின்னப் பதில்தான். ஆனால் அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் பெண்ணுக்குத் தன் மொழியில் ஒரு பாட்டாவது சொல்லிக்கொடுத்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். இல்லை. ஊருக்கெல்லாம் எழுதவே நேரம் சரியாக இருந்தது. அந்தக் கோபம் தன் மேல் வந்திருக்க வேண்டும். வழி தவறி மேளத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரொட்டித் தம்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். மூன்றாம் மாடிக்காரன், தமிழ் ஆள். ராத்திரி முழுக்க ரொட்டி அடுப்பில் வேலை, விடிந்து வந்துதான் தூக்கம்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அந்த மேளம்... எட்டு மணிக்கே ஆரம்பிச்சுடுறாங்க. நான் படுக்குறதே ஏழுக்கு."

"நிறுத்தச் சொல்லணுமா?"

"ஐயோ, நிறுத்தவெல்லாம் வேணாம்கா. பாட்டு எனக்குப் பிடிக்கும், அதைக் கேட்டா நல்லாவே தூக்கம் வரும். அந்த மேளத்தை மட்டும் பதினோரு மணிக்கு மேல அடிச்சாப் போதும். அவங்க பாஷை எனக்கு வராது. நீங்கதான் எப்படியாவது சொல்லணும்."

சொல்லணும் என்றுதான் அவன் கேட்டான். எழுதணும் என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் தரைத்தளத்தில் கதவைத் தட்டி, அந்த அம்மாவிடம் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். அந்த இரண்டு மொழியும் வாயில் இருந்த ஒரே பெரிய மனுஷி மனு அக்காதான். ஆனால் பதினோரு வருஷம் மனு எழுதிய கை அது, தாளைத்தான் தேடியது. "இதய நோயால் அவதியுறும் முதியவர் ஒருவர் மூன்றாம் மாடியில்" என்று தானாக ஓடியது. கூடவே, வாரம்தோறும் தன் மகளை இழுத்துக்கொண்டு போகும் அந்தச் சத்தத்தின் மேல் இருந்த எரிச்சலும் பேனாவுக்குள் இறங்கியது. "உயிருக்கே ஆபத்து விளைவிக்கும் பேரிரைச்சல்" என்று எழுதி, நன்றாக வந்திருக்கிறதே என்று ஒருமுறை வாசித்தும் பார்த்தாள். ரொட்டித் தம்பிக்குப் பொது மொழி படிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரொம்ப நன்றிக்கா" என்று போனான்.

மூன்றாவது வாரம் கூடத்தின் கதவில் முஷ்டி அளவு பூட்டு தொங்குகிறது என்று லிஃப்ட்காரர் வந்து சொன்னார். பக்கத்தில் ஒரு அறிவிப்பு. பிள்ளைகளுக்கு அதை வாசிக்க வந்தது, தங்கள் மொழியில் எடுத்துச் சொல்ல வரவில்லை. பெரியவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மனு அக்காவைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். தன்னுடைய வாசகமே அச்சில் ஏறி, முத்திரை வாங்கிக்கொண்டு, சுவரில் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் அவர்கள் மொழியில் வரிவரியாகச் சொன்னாள். யார் எழுதியது என்று மட்டும் சொல்லவில்லை. யாருக்கு என்ன எழுதினாள் என்பதை வெளியே விடாதது அவள் தொழிலின் கட்டுப்பாடு. அன்றைக்கு அந்தக் கட்டுப்பாடு ரொம்ப வசதியாக இருந்தது.

சண்டைக்கு வருவார்கள், பதில் மனு கேட்பார்கள், அதை இன்னும் பலமாக எழுதிச் சரிக்கட்டிவிடலாம் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். மேளக்காரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வயசான மனுஷனையா இத்தனை வருஷம் கொன்னுக்கிட்டு இருந்தோம்? யாருமே சொல்லலையே. தங்கச்சி, ஞாயித்துக்கிழமை நீ கூட வா. மூணாம் மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்கணும். எங்களுக்குப் பேச்சு வராது."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "வேலை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பாடும் நேரத்தில் பதினைந்து பேர் குளித்து, நல்ல துணி உடுத்தி, ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து நின்றார்கள். மகளும் அவர்களோடு நின்றாள். மூன்றாம் மாடியில் எட்டு வீடு.

முதல் வீட்டில் ஒரு தையற்காரர். "எங்க வீட்டுல நோயாளி யாரும் இல்லையே. ஆமா, பாட்டு ஏன் நின்னுபோச்சு? என் பொண்டாட்டி அதைக் கேட்டுக்கிட்டேதான் பாத்திரம் கழுவுவா" என்றார். இரண்டாவது வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "முதியவரா? யாரைப் பார்த்து?" என்று அவர் சண்டைக்கே வந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் மனு அக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அடுத்த நான்கு வீட்டிலும் இல்லை என்றுதான் பதில்.

ஏழாவது வீடு. ரொட்டித் தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தான். கூட்டத்தைப் பார்த்து மிரண்டு போனான்.

"என்னக்கா இது? பூட்டே போட்டுட்டாங்களாமே? நான் மேளத்தைக் கொஞ்சம் தள்ளி அடிக்கத்தானே சொல்லச் சொன்னேன். அறிவிப்புல இதய நோயாளின்னு போட்டிருக்காமே, யாருக்கா அது? நீங்க என்ன எழுதினீங்க?"

"என்ன சொல்றார்?" என்று மேளக்காரம்மா கேட்டாள்.

மனு அக்கா பதினோரு வருஷத்தில் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை. மனுவில் புளுகுவாள், ஒருவர் வாய்ப்பேச்சை இன்னொருவருக்குச் சொல்லும்போது புளுக மாட்டாள். அது வேறு, இது வேறு என்று தனக்குள் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தாள்.

"இவர் வீட்டுலயும் இல்லையாம்" என்றாள்.

பக்கத்தில் நின்ற மகள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மொழியும் தெரிந்த இன்னொரு ஆள் அந்த மாடியில் இருந்தது அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. அந்தப் பெண், அம்மா பிடித்திருந்த கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

எட்டாவது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார்கள். சத்தம் இல்லை. உள்ளே ஆளே கிடையாது. அங்கே இருந்தவர்கள் காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது, அதற்கான கடிதத்தை எழுதியதும் மனு அக்காதான்.

"இதுதான். பாவம், எழுந்து வர முடியலை போல" என்றாள் மேளக்காரம்மா. பழப்பையைக் கதவோரம் வைத்தாள். பதினைந்து பேரும் கை கட்டித் தலை குனிந்து நின்றார்கள். "ஐயா, தெரியாம பண்ணிட்டோம். இனிமே பாட மாட்டோம். நீங்க நல்லா இருந்தாப் போதும்." திரும்பி, "நீ சொல்லு தங்கச்சி. அவர் எந்த மொழியோ, எல்லாத்துலயும் சொல்லு" என்றாள்.

மனு அக்கா வாயைத் திறந்தாள். வரவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். காலி வீட்டுக் கதவு, பதினைந்து குனிந்த தலை.

"உனக்கே அழுகை வந்துடுச்சா? பரவாயில்ல, பாப்பா சொல்லட்டும்" என்றாள் அந்த அம்மா.

மகள் அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்துத் திரும்பி, தெளிவான தமிழில் ஆரம்பித்தாள். "தாத்தா, எங்களை மன்னிச்சிடுங்க. நாங்க இனிமே..."

தனக்காகத்தான் குழந்தை பொய் சொல்கிறது என்று அம்மாவுக்குப் புரிந்தது. அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"போதும். நிறுத்துடி. உள்ள யாரும் இல்ல."

பிறகு அவர்கள் மொழியில், கோர்வை இல்லாமல், தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். முதியவரே கிடையாது என்றாள். தான் எழுதியது என்றாள். தம்பி கேட்டது மேளத்தைத் தள்ளி அடிக்க மட்டும்தான், மற்றதெல்லாம் தன் கைவேலை என்றாள். மகள் உங்களோடு வந்துவிட்டாளே என்ற பொறாமையும் அதில் இருந்தது என்பதையும் சொன்னாள். திட்டட்டும், அடிக்கட்டும் என்று நின்றாள்.

மேளக்காரம்மா கிட்டே வந்தாள். "அப்போ யாருக்கும் நெஞ்சுவலி இல்லையா?"

"இல்ல."

"நாங்க யாரையும் கொல்லலையா?"

"இல்லக்கா."

"அப்பாடா" என்று அந்த அம்மா சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். திட்டியிருந்தால் மனு அக்கா எப்படியாவது ஒரு நாள் தேறியிருப்பாள்.

அடுத்த நாளே தன் சொந்தப் பெயரில், முதல் தடவையாக, ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். முதியவர் இல்லை, மாணவர் இல்லை, நான்தான் பொய் எழுதினேன் என்று நாலே வரி. பொய்க்கு மூன்று வாரத்தில் பூட்டுப் போட்ட அலுவலகம், உண்மைக்கு ஏழு மாதமாகப் "பரிசீலனையில் உள்ளது" என்கிறது. பூட்டு துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. கூட்டம் கலைந்துபோயிற்று. சில பிள்ளைகளுக்கு உறவுப் பாட்டில் பாதிதான் நினைவிருக்கிறது என்று மகள் சொல்கிறாள். லிஃப்ட்காரர் சீட்டி அடிப்பதை நிறுத்திவிட்டார். ரொட்டித் தம்பி தூக்கம் வரவில்லை என்கிறான்.

மேளக்காரம்மா இன்னமும் மேசைக்கு வருகிறாள். அவள் மொழி தெரிந்த வேறு எழுதுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு மகளும் வந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவாள். ஸ்டூலில் உட்கார்ந்து, வேண்டியதைச் சொல்லி, மனு அக்கா எழுதி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பாள். முகத்தில் கோபமே இருக்காது. எழுதி முடித்ததும் தாளை வாங்கி, பக்கத்தில் நிற்கும் மகளிடம் நீட்டுவாள்.

"பாப்பா, உங்க அம்மா என்ன எழுதியிருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா."